அக்கரையில் ஓர் அமைதித் தீவு



நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ அஸர் தொழுகை முடிந்து கடற்கரையில் சற்று நின்று பாருங்கள். அலையோசைகூடப் பெரிதாய்க் கேளாது. ஆழம் குறைந்த இந்தப் பாக் கடலைப் 'பெண் கடல்' என்பது மீனவர் வழக்கு. இதே கடலின் தென்கிழக்கு மூலையில், நெடுந்தீவுக்கும் தெற்கே, நம் மொழி பேசும் மக்கள் வாழும் ஒரு தீவு இருக்கிறது. அதுவே இலங்கையின் மன்னார்த் தீவு.

தனுஷ்கோடிக்கும் அத்தீவின் மேற்கு முனையான தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுதான். 1914 முதல் ரயிலில் வந்திறங்கியோர் கப்பலேறி அக்கரை சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

தீவின் தோற்றம்

தரைப்பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைந்ததும் 1560-இல் போர்த்துக்கீசியர் எழுப்பி, 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டை உங்களை எதிர்கொள்ளும். பள்ளிமுனையில் ஏறத்தாழ 19 மீட்டர் சுற்றளவுள்ள பெருக்கமரம் ஒன்று நிற்கிறது. ஆப்பிரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாகக் கூறுவர். தெருக்களில் கழுதைகள் உரிமையோடு திரியும். பருவகாலத்தில் பூநாரைகள் நீர்நிலைகளில் வந்திறங்கும்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்றவை இத்தீவின் முஸ்லிம் ஊர்கள். கடலும் பனையும் இவர்களின் இரு கைகள். ஆண்கள் வலை வீசினர். பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் பாய் முடைந்தனர். கத்தோலிக்கரும் இந்துக்களும் அண்டை அயலார். பாங்கொலியும் ஆலயமணியும் ஒரே காற்றில் கலந்து வந்தன.

அந்த அக்டோபர்

இந்த அமைதி ஒருமுறை உடைந்தது. 1990 அக்டோபர் இறுதியில், வடக்கு மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். ஏறத்தாழ 70,000 பேர் சில நாட்களுக்குள் வீடிழந்தனர். மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலோர் கையில் சில பைகளோடு படகேறி, தெற்கே கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அண்டை வீட்டுத் தமிழர் பலர் கண்ணீரோடு வழியனுப்பினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; ஆணையிட்டது ஆயுதம், அயலார் அல்லர். அது அரசியல் தவறு என 2002 ஏப்ரலில் அவ்வியக்கத்தின் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார்.

மக்காவைப் பிரிகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வூரை நோக்கிக் கலங்கி நின்றதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் அமர்ந்து அதே பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கு அது வெறும் வரலாறாகவா இருந்திருக்கும்?

திரும்பியவர்கள்

2009 மே மாதம் போர் முடிந்தபின் பலர் மெல்ல மெல்லத் திரும்பினர். இடிந்த சுவர்களும் புதர் மண்டிய முற்றங்களுமே அவர்களை வரவேற்றன. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. இருபதாண்டுகளில் புத்தளத்தில் பிறந்து, படித்து, மணமுடித்த தலைமுறைக்கு எது ஊர்? பாட்டனார் கபுறு இருக்கும் இடமா, தான் நடை பழகிய இடமா? இதனால் ஒரே குடும்பம் இரு கரைகளில் பிரிந்து வாழும் நிலையும் ஏற்பட்டது.

வாசகர்களே! 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. வாய்ப்புக் கிட்டினால் யாழ்ப்பாணம் சென்று, பூநகரி வழியாக மன்னாருக்குச் சாலையில் செல்லுங்கள். கோட்டையையும் மரத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளிவாசல் திண்ணையில் ஒரு முதியவருக்கு ஸலாம் சொல்லி அருகே அமருங்கள். அவராகப் பேசும்வரை காத்திருங்கள். அவர் வீட்டுப் பெண்கள் முடைந்த பாய் இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அமைதியான ஊரைக் காணும்போது, அந்த அமைதிக்கு அங்குள்ளோர் என்ன விலை கொடுத்தனர் என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல பயணி. நம் கரையின் அமைதியும் அருட்கொடையே. அதை அண்டை அயலாரோடு பேணிக் காப்பது நம் கடமையாகும்.