கானாவின் அலுமினியத் தொழில்

கானாவின் அலுமினியத் தொழில் என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் நடைபெறும் பாக்சைட்டு அகழ்வு, அலுமினிய உருக்கு, அலுமினியப் பண்ட உற்பத்தி ஆகியவற்றைக் குறிக்கும். இந்நாட்டில் பாக்சைட்டுப் படிவுகள் உள்ளன. பெரிய நீர்மின் நிலையமும், ஆண்டுக்கு 2,00,000 டன் அலுமினியம் தரும் திறனுடன் கட்டப்பட்ட உருக்காலையும் உள்ளன. ஆயினும் உள்நாட்டுப் பாக்சைட்டு கப்பலேறி வெளிநாடு செல்கிறது. உருக்காலைக்கு வேண்டிய அலுமினா வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிறது. இம்முரண்பாடே கானாவின் தொழில்மயமாக்க வரலாற்றில் மிகுதியாக விவாதிக்கப்படும் பொருள்களுள் ஒன்று ஆகும்.

உற்பத்தி முறை

பாக்சைட்டிலிருந்து அலுமினியம் பெறுவது இரு படிகளில் நிகழ்கிறது. முதலில் பாக்சைட்டைத் தூய்மைப்படுத்தி அலுமினா எனப்படும் வெண்ணிறத் தூள் பெறப்படுகிறது. பின்னர் அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்பகுப்பின் மூலம் உலோகம் பிரிக்கப்படுகிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 2 டன் அலுமினாவும், அதற்கு ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டும் தேவை. மின்சாரம் ஏறத்தாழ 15,000 அலகுகள் செலவாகும். மாதம் 125 அலகுகள் பயன்படுத்தும் ஒரு வீட்டுக்கு இது பத்து ஆண்டுகளுக்குப் போதுமானது. ஆகவே அலுமினிய உருக்காலைகள் கனிமம் உள்ள இடத்தைவிட மின்சாரம் மலிவாக உள்ள இடத்தையே நாடுகின்றன.

வோல்டா ஆற்றுத் திட்டம்

வோல்டா ஆற்றில் அணை கட்டி, அம்மின்சாரத்தால் உள்நாட்டுப் பாக்சைட்டை அலுமினியமாக்கலாம் என்ற எண்ணம் குடியேற்றவாத ஆட்சிக் காலத்திலேயே தோன்றியது. நிலவியலாளர் ஆல்பர்ட் கிட்சன் 1915 இல் இவ்வாற்றின் நீர்மின் வாய்ப்பைச் சுட்டிக்காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவாசோ என்னும் இடத்தில் பாக்சைட்டு அகழ்வு தொடங்கியது.

1957 இல் கானா விடுதலை பெற்றபின், குவாமே நிக்ரூமா இத்திட்டத்தைத் தம் தொழில்மயமாக்கக் கொள்கையின் நடுவில் வைத்தார். சுரங்கம், அலுமினா ஆலை, உருக்காலை, தொடர்வண்டிப் பாதை, துறைமுகம் யாவும் ஒன்றோடொன்று இணைந்ததாகவே திட்டம் முதலில் வரையப்பட்டிருந்தது. 1959 இல் அமெரிக்காவின் கைசர் நிறுவனப் பொறியாளர்கள் செய்த மறுமதிப்பீடு இதனைச் சுருக்கியது. அணை அக்கோசோம்போவுக்கும் உருக்காலை தெமா துறைமுகத்துக்கும் மாற்றப்பட்டன. சுரங்க விரிவாக்கமும் அலுமினா ஆலையும் பின்னொரு காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. செலவைக் குறைத்த இம்மாற்றமே பிற்காலச் சிக்கல்களுக்கு வித்திட்டது எனலாம்.

அணையின் செலவில் பாதியைக் கானா ஏற்றது. எஞ்சியது உலக வங்கி, அமெரிக்கா, பிரித்தானியா ஆகியவற்றின் கடன். மின்சாரத்தைப் பேரளவில் வாங்கும் ஒரு வாடிக்கையாளர் இல்லாமல் இக்கடன் கிடைத்திருக்காது. அவ்வகையில் உருக்காலைக்காகவே அணை எழுந்தது. 1966 சனவரி 22 அன்று நிக்ரூமா மின் நிலையத்தைத் திறந்து வைத்தார். அடுத்த மாதம் 24 ஆம் நாள் இராணுவப் புரட்சியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது.

அணையால் உருவான வோல்டா ஏரி ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 700க்கும் மேற்பட்ட ஊர்கள் மூழ்கின. இடம்பெயர்ந்த ஏறத்தாழ 80,000 மக்களுக்காக 52 புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. விளைநிலம் போதாமையால் பலர் அவற்றைவிட்டு வெளியேறினர். ஏரிக்கரையில் நத்தைகள் வழிப் பரவும் பில்கார்சியா நோய் பெருகியது. மின்சாரத்துக்காக ஊரை இழந்தவர்களின் குடியிருப்புகள் பலவற்றுக்கு நீண்ட காலம் மின்சாரம் கிடைக்கவில்லை.

வால்கோ உருக்காலை

வோல்டா அலுமினியக் குழுமம், சுருக்கமாக வால்கோ, 1967 இல் தெமாவில் உற்பத்தியைத் தொடங்கியது. இதன் பங்குகளில் 90 விழுக்காடு கைசர் நிறுவனத்திடமும் 10 விழுக்காடு ரெனால்ட்சு நிறுவனத்திடமும் இருந்தன. ஒப்பந்தப்படி ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தின் விலை 2.625 மில், அதாவது ஓர் அமெரிக்க சென்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே. 30 ஆண்டு கால ஒப்பந்தத்தில் வரிச் சலுகைகளும் அளிக்கப்பட்டன. முழு அளவில் இயங்கிய காலங்களில் அக்கோசோம்போ மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டதை இவ்வோர் ஆலையே நுகர்ந்தது.

அலுமினாவை ஜமைக்கா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவருவதே கைசருக்கு வசதியாக இருந்தது. உள்நாட்டு அலுமினா இல்லாத உருக்காலையை அரசு நாட்டுடைமையாக்கினாலும் தனியே இயக்க இயலாது என்பதும் ஒரு காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

1970களில் உலகெங்கும் எரிபொருள் விலை உயர்ந்தபோது பழைய மின்விலை மேலும் பொருந்தாததாயிற்று. செர்ரி ராவ்லிங்சு அரசு 1985 இல் ஒப்பந்தத்தைத் திருத்தி விலையைக் கணிசமாக உயர்த்தியது.

வறட்சியும் நிறுத்தங்களும்

உருக்காலையின் மின்பகுப்புக் கலங்கள் இரவு பகலாக இயங்க வேண்டியவை. சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே உருகிய குழம்பு கலங்களில் இறுகிவிடும். மீட்டெடுப்பது பெருஞ்செலவு பிடிக்கும். நீர்மின்சாரமோ மழையை நம்பியது. 1983-84 கடும் வறட்சியில் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்து ஆலை மூடப்பட்டது. 1998 இலும் மின் பற்றாக்குறை ஏற்பட்டது. இதற்குள் நகரங்கள் வளர்ந்து வீடுகளின் மின்தேவையும் பெருகியிருந்தமையால், மின்சாரம் ஆலைக்கா வீடுகளுக்கா என்ற கேள்வி அரசியல் சிக்கலாயிற்று.

விலைப் பிணக்கால் 2003 இல் உற்பத்தி நின்றது. 2004 இல் கைசரின் பங்குகளையும், 2008 இல் ரெனால்ட்சின் வழிவந்த அல்கோவாவின் பங்குகளையும் அரசு வாங்கியது. இடையில் இயங்கி மீண்டும் நின்ற ஆலை, 2011 சனவரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் திறனுடன் திறக்கப்பட்டது.

உள்நாட்டுப் பண்ட உற்பத்தி

வால்கோவின் உலோகத்தில் பெரும்பகுதி ஏற்றுமதியானாலும், ஒரு பகுதி உள்நாட்டில் பயன்பட்டது. தெமாவில் உள்ள அலுவொர்க்சு ஆலை கூரைத் தகடுகளுக்கும் பாத்திரங்களுக்கும் வேண்டிய தகடுகளையும் சுருள்களையும் செய்தது. பட்டறைத் தொழிலாளர்கள் பழைய அலுமினியத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் 'தாதேசென்' என்னும் கனத்த பானைகள் கானாவின் சமையலறைகளில் பரவலாகக் காணப்படுகின்றன. அரசுத் திட்டம் எதிலும் இடம்பெறாத இத்தொழில் பலருக்கு வாழ்வளிக்கிறது.

ஒருங்கிணைப்பு முயற்சிகள்

அகழ்வு முதல் உருக்கு வரை அனைத்தையும் உள்நாட்டிலேயே இணைக்கும் நோக்குடன், ஒருங்கிணைந்த அலுமினிய வளர்ச்சிக் கழகத்தை 2018 இல் அரசு சட்டத்தின் வழி நிறுவியது. அவாசோவைத் தவிர நியினாகின், கிபி ஆகிய இடங்களிலும் பாக்சைட்டுப் படிவுகள் உள்ளன. அதே ஆண்டில் சீனாவின் சினோகைட்ரோ நிறுவனத்துடன், சாலைகள் முதலிய கட்டுமானங்களுக்கு ஈடாகப் பதப்படுத்திய பாக்சைட்டு வருவாயை அளிக்கும் 200 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிபியை அடுத்த அத்தேவா காட்டில் அகழ்வதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தலைநகர் அக்ராவின் குடிநீருக்கு உதவும் தென்சு ஆறு இக்காட்டில்தான் ஊற்றெடுக்கிறது.