மின்கம்பி எட்டாத இடத்தில் மின்சாரம்

வீட்டில் பொத்தானை அழுத்தியவுடன் விளக்கு எரிகிறது. அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது, இன்னும் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்கம்பி எட்டாத இடத்தில் தங்குவோர் அவ்வாறு இருத்தல் இயலாது.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் அத்தகைய இடங்கள் நிறைந்தது. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இந்நிலத்தில் சாங்பா எனப்படும் மேய்ச்சல் மக்கள் ஆட்டு மந்தைகளுடன் இடம்பெயர்ந்து வாழ்கின்றனர். செல்லும் இடமெல்லாம் மின்கம்பி அவர்களைத் தொடர்ந்து வாராது; கதிரவன் வருவான். ஆதலால், அவர்களுடைய கூடாரங்களின் அருகில் இன்று சூரியத் தகடுகளைக் காணலாம். படுக்கையும் சமையலிடமும் கொண்ட கேரவன் வண்டியில் பயணம் செய்வோருக்கும் இம்முறையே உதவுகிறது.

இவ்வமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன. சூரியத் தகடு ஒளியை மின்சாரமாக மாற்றும். மின்னேற்றக் கட்டுப்படுத்தி, மின்கலத்தில் அளவுக்கு மீறி மின்னேற்றம் நிகழாமல் காக்கும். மின்கலம் பகலில் பெற்றதை இரவுக்குச் சேமித்து வைக்கும். இன்வெர்ட்டர், மின்கலத்தின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றும்.

லடாக்கின் குளிர் தகட்டுக்குத் தடையன்று. அதற்கு வேண்டியது ஒளியே. வெப்பம் மிகுந்தால்தான் அதன் திறன் குறையும். ஆனால், கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும். எனவே, அதனைக் குளிர் தாக்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

பயணத்திற்கு முன் கணக்கிட வேண்டும். ஒரு கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணிநேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 5 வாட் விளக்குகள் நான்கு, 5 மணிநேரம் எரிந்தால் 100 வாட்-மணி செலவாகும். நான்கு கைப்பேசிகளுக்கு 60, மடிக்கணினிக்கு 100, தண்ணீர்ப் பம்புக்கு 30 என்று கொண்டால் ஒரு நாள் செலவு 290 வாட்-மணி.

இனி வரவைக் காண்போம். 100 வாட் தகட்டில் 5 மணிநேரம் முழு வெயில் பட்டால் 500 வாட்-மணி கிடைக்கும். இழப்புகள் போக ஏறத்தாழ 350 கைக்கு வரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் 1,200 வாட்-மணி கொள்ளும். ஈய-அமில மின்கலமாயின் அதில் பாதியை மட்டுமே செலவிடுவது நல்லது. அந்த 600 வாட்-மணி, வெயிலற்ற இரண்டு நாள்களுக்குப் போதும்.

ஆனால், 1,500 வாட் மின்கெண்டியைக் கால் மணிநேரம் இயக்கினால் 375 வாட்-மணி செலவாகிவிடும். குடும்பம் முழுவதற்கும் ஒரு நாளைக்குத் தேவையானதைவிட இது மிகுதி! இருமுறை இயக்கினால், மேகமூட்டமான நாளில் இருளில் இருக்க நேரும். உதவிக்கு அழைக்கக் கைப்பேசியும் இயங்காது. ஆகவே, சமைப்பதற்கு எரிவாயு அடுப்பும், குளிருக்குக் கம்பளியும் ஏற்றவை.

12 வோல்ட் தானே என்று அலட்சியம் கூடாது. கம்பிகள் தவறாக இணைந்தால் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்கும். மின்கலத்தின் அருகில் ஃபியூஸ் பொருத்துவது இன்றியமையாதது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. கதிரவன் தரும் ஆற்றலுக்கும் இது பொருந்தும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டிலுள்ள மூன்று கருவிகளின் வாட் அளவுகளைக் கண்டறிக. 350 வாட்-மணிக்குள் அவற்றுள் எவற்றை, எவ்வளவு நேரம் இயக்கலாம்?