விளையாட்டு விதியை மாற்றிய கான்கிரீட்

ஒரு கட்டடம் விளையாட்டின் விதியை மாற்ற முடியுமா? அமெரிக்காவில் ஒரு கல்லூரி அரங்கத்துக்கு அந்தப் பெருமை உண்டு.

பாஸ்டன் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில், குதிரை லாட வடிவில் நிற்கிறது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம். அங்கு ஆடப்படுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து.

இந்த அரங்கம் 1903-ஆம் ஆண்டில், ஐந்து மாதங்களுக்குள் கட்டி முடிக்கப்பட்டது. மரப் படிகள் மழையில் உளுத்துவிடும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஆகவே கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தனர். இத்துணைப் பெரிய அரங்கத்தை இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் கட்டுவது அந்நாளில் புதுமை!

கம்பி எதற்கு? ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் விரல்களால் நேராக அமுக்குங்கள். எளிதில் நொறுங்காது. இப்போது வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்துவிடும். வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் அமுக்கப்படுகிறது, மறுபக்கம் இழுக்கப்படுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் தொடங்குகிறது. கான்கிரீட்டும் இப்படித்தான். அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. வெப்பத்தில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், இரண்டும் பிரியாமல் இணைந்து நிற்கின்றன.

இனி விளையாட்டுக்கு வருவோம். அந்நாளில் வீரர்கள் கூட்டமாக நெருங்கி நின்று ஒரே இடத்தில் மோதினர். பலர் கழுத்தும் மண்டையும் முறிந்து மடிந்தனர். 1905-ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாகச் செய்தித்தாள் ஒன்று கணக்கிட்டது. இறந்தவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கல்லூரிப் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்தும்படி வற்புறுத்தினார். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

நெரிசலைக் குறைக்க என்ன வழி? ஆடுகளத்தின் அகலத்தை 160 அடியிலிருந்து மேலும் 40 அடி கூட்டலாம் என்றார் வால்டர் கேம்ப். நல்ல யோசனைதான். ஆனால் ஹார்வர்டு அரங்கத்தில் அதற்கு இடம் இல்லை. மரப் படிகளாக இருந்தால் கழற்றி நகர்த்தியிருக்கலாம். இறுகிய கான்கிரீட்டை நகர்த்துவது எப்படி? இந்தத் தடையும் சேர்ந்து விதிக்குழுவை வேறு வழி தேட வைத்தது. 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற புதிய விதி வந்தது. பந்து காற்றில் பறக்கக்கூடும் என்றால், வீரர்கள் ஒரே இடத்தில் குவிய முடியாது. பரவி நிற்க வேண்டும் அல்லவா? களம் விரியவில்லை, ஆட்டம் விரிந்தது!

ஆபத்து ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. 1910-இல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. ஆனால் முன்னெறிதல் நிலைத்துவிட்டது. இன்று அதுவே அந்த ஆட்டத்தின் உயிர்நாடி. அரங்கமும் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. 1987-இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்குமா, கீழ்ப்பக்கம் இருக்குமா? சாக்பீஸை நினைத்துக்கொண்டு விடை கண்டுபிடியுங்கள்!