1848 கலகமும் நாமும்

"புரன் அப்பு எதற்காகச் சண்டை போட்டார்?" பாடப்புத்தகத்தோடு வந்து பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள். வெள்ளைக்காரனை விரட்டத்தான் என்று சொல்லி விட்டால் போதாது. கோபம் எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் காணி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்று ஆக்கினார்கள். பாட்டன் பூட்டன் காலம் முதல் சேனை போட்டு, மாடு மேய்த்து வந்த கிராமத்தாரிடம் உறுதி ஏது? அந்தக் காணிகள் கோப்பி பயிரிடுவோருக்கு விற்கப்பட்டன. 1844 வரை ஏக்கர் 5 சிலிங்தான். அரசாங்க உத்தியோகத்தர்களே வாங்கினார்கள்.

இரண்டாவது காரணம் வரி. 1847இல் கோப்பி விலை விழுந்து, அரசாங்கத்தின் கையில் காசு குறைந்தது. அந்த ஆண்டு வந்த தேசாதிபதி டொரிங்டன் பிரபு, 1848இல் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். ஆண்கள் வருஷத்துக்கு 6 நாள் றோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். நாய்க்குக் கூட வரியா என்று சனம் கொதித்தது.

ஜூலையில் கண்டிக் கச்சேரிக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். மாத முடிவில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினார்கள். இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிக்குவைக் காவியுடையோடே சுட்டார்கள். பண்டாவுக்கு 100 கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். இதையெல்லாம் இங்கிலாந்துப் பாராளுமன்றமே விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

நம் முன்னோர் அப்போது எங்கே இருந்தார்கள்? மன்னாரில் இறங்கி, அதே தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்து வந்து, கோப்பிக் காட்டில் கூலிக்கு நின்றார்கள். வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தவர்கள் ஏராளம். காணியைப் பறித்ததும் அவர்கள் இல்லை, சட்டம் போட்டதும் அவர்கள் இல்லை. கிராமத்தான் நிலத்தை இழந்தான், நம்மாள் ஊரை இழந்தான். லாபம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

றக்வானைப் பக்கத்திலும் லயத்துக்கு அடுத்து கிராமம் இருக்கிறது. "எங்கள் காணியில்தானே உங்கள் தோட்டம்" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். இந்தக் கதையை உட்கார்ந்து சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.