தலைக்குப் போட்ட மாத்திரை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இரவுகளில், மருந்துக்கடைகளில் கேட்கிற குரல்தான் இது: "ணா, ஒத்தத் தலவலிக்கு நாலு மாத்திர குடுணா." கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையில் நாலை நறுக்கித் தருவார். மருந்தின் பெயர் பெரும்பாலும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

இரவு ஷிப்ட், கெட்ட தூக்கம், நேரம் தவறிய சாப்பாடு, கண் கூசும் வெயில், ரசாயன வாடை. ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும் சங்கதிகளுக்கு எண்ணூர், மணலிப் பக்கம் பஞ்சமே இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரின் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடிய ஊர் அது.

இந்தத் தலைவலிக்குப் பழைய மருந்து எர்கோட்டமின். ரை தானியக் கதிரைப் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து 1918இல் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்தது. நம்மூர்க் கம்பில் தேன் ஒழுகல் நோயைக் கொண்டுவருவது அந்தப் பூஞ்சையின் பங்காளிதான். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் எல்லாம் 1990களில் வந்தவை. இவை செரடோனின் ஏற்பிகளைத் தொட்டு, தலையில் விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன.

சிக்கல் அங்கேதான். உடம்பில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். குடலுக்குப் போகும் குழாயும் சேர்ந்து சுருங்கினால், பெருங்குடல் ரத்தம் கிடைக்காமல் புண்ணாகிவிடும். திடீரென்று வயிற்றை முறுக்கும்; அன்றோ மறுநாளோ மலத்தோடு ரத்தம் போகும். இது மிக அபூர்வம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் புகைப்பவர்கள், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காய்பவர்கள் கவனிக்க வேண்டும். எர்கோட்டமினோடு கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் இன்னும் மோசம்: கை, கால் விரல்களுக்கும் ரத்தம் போகாமல் நின்றுவிடலாம். இருமலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று ஒரே கடையில் வாங்குகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

தலைவலி வராமல் தடுக்கும் மருந்துகளின் தொல்லை வேறு. அமிட்ரிப்டிலின் மலச்சிக்கல் தரும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் ஊசியின் குறிப்பில், கடுமையான மலச்சிக்கல் பற்றிய எச்சரிக்கை மறு ஆண்டே சேர்ந்தது.

மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு, "உடம்பு சூடு, மோர் குடி." அடுத்தது மூலம். மூன்றாவதாகத்தான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் கேட்பார்: "என்ன மாத்திரை போட்டீங்க?" சட்டைப் பையிலிருந்து வெளியே வருவது, பெயர் இல்லாத வெள்ளி அட்டைத் துண்டு ஒன்று, அதில் இரண்டு குமிழ் காலி.