கார்டும் ரெடி, கோடும் ரெடி... கதவுதான் திறக்கலை!

2012-ஆம் வருஷம், ஃபின்லாந்து நாட்டின் ஆல்டோ பல்கலைக்கழகம். லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸிடம் என்விடியா பற்றி ஒரு கேள்வி வருகிறது. மனுஷன் கேமராவைப் பார்த்து நடுவிரலையே காட்டிவிட்டார்! நாங்கள் பழகிய கம்பெனிகளிலேயே படுமோசம் இதுதான் என்று திட்டு வேறு.

அப்போதெல்லாம் லினக்ஸ் ரசிகர்களுக்கு வில்லன் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனிதான். ஆனால் 2024-ல் கதையில் ஒரு ட்விஸ்ட். கார்டு கம்பெனி நம்ம பக்கம் நின்றது. வழியை மறித்தது, டி.வி.க்குப் பின்னால் நாம் சொருகும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் விதிமுறை!

டிரைவர் என்ன பண்றார்?

ஆபரேட்டிங் சிஸ்டம் பேசுவது ஒரு பாஷை, கார்டு பேசுவது வேறு பாஷை. நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். அந்த கோடு எல்லோரும் படிக்கிற மாதிரி திறந்திருந்தால் ஓப்பன் சோர்ஸ். கம்பெனி கைவிட்ட பழைய கார்டைக்கூட யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்து ஓட்ட முடியும். செகண்ட் ஹேண்ட் சிஸ்டத்தில் புராஜெக்ட் முடிக்கிற நமக்கு இது சின்ன விஷயமா என்ன?

2006-ல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., அடுத்த வருஷமே கார்டு பற்றிய ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. அதன் ஓப்பன் சோர்ஸ் டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சின்ன கணக்கு

4கே திரையில் 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். விநாடிக்கு 120 முறை திரை மாற வேண்டுமென்றால்? பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 24 கிகாபிட் வரும். ஹெச்.டி.எம்.ஐ. 2.0-வின் உச்சமே 18 கிகாபிட்தான். 60 முறை என்றால் தாங்கும், 120-க்குத் தாங்காது. நிற விவரத்தைக் குறைத்து அனுப்பலாம்; ஆனா சின்ன எழுத்தெல்லாம் ஓரம் கலங்கித் தெரியும். 2017-ல் வந்த 2.1-ன் அளவு 48 கிகாபிட். அது இருந்தால் கவலையே இல்லை.

'நோ' சொன்ன ஃபோரம்

இந்த விதிமுறைகளை எழுதுவது ஹெச்.டி.எம்.ஐ. ஃபோரம் என்ற அமைப்பு. டி.வி., சிப் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் இதில் உறுப்பினர்கள். 2021-ல் 2.1 ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி மூடியது. ஆவணம் ரகசியம், ஆனா டிரைவர் கோடு திறந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ஏ.எம்.டி. சும்மா இருக்கவில்லை. எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையோடு சேர்ந்து ஃபோரத்திடம் பேசியது. இன்ஜினீயர்கள் உள்ளுக்குள் கோடே எழுதிப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் பதில் வந்தது: யோசனை நிராகரிப்பு! விளைவு, அதே கார்டு, அதே கேபிள், அதே டி.வி. விண்டோஸில் 4கே 120 ஓடியது. லினக்ஸில் ஓப்பன் சோர்ஸ் டிரைவரோடு ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கினவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சந்து வழிகள்

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? 2022-ல் என்விடியா தன் கெர்னல் கோடைத் திறந்தது. ஆனா ரகசிய வேலைகள் கார்டுக்குள் ஓடும் மூடிய ஃபெர்ம்வேரில். இன்டெல் ஆர்க் கார்டுகள் சிலவற்றில், டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை ஹெச்.டி.எம்.ஐ. ஆக மாற்ற தனி சிப்பே வைத்தார்கள். 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் மெஷினில் ஏ.எம்.டி. சிப், ஆனா அறிவிப்பில் இருந்தது ஹெச்.டி.எம்.ஐ. 2.0 மட்டும். ஹார்டுவேர் 2.1-க்குத் தயார், சாஃப்ட்வேர் பக்கம்தான் சிக்கல் என்று அந்த டிசம்பரில் வால்வே சொன்னது.

டிஸ்ப்ளேபோர்ட்டைப் பாருங்க. அதை நடத்தும் வீசா அமைப்பும் புது ஆவணங்களை உறுப்பினர்களுக்குத்தான் தருகிறது. ஆனா அதை வைத்து எழுதிய டிரைவர் கோடு லினக்ஸில் திறந்தே கிடக்கிறது, யாரும் தடுக்கலை. ரகசியமும் ஓப்பன் சோர்ஸும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி வேணுமா?

நாளைக்கு நம்மில் பலர் கோடு எழுதப் போறோம். திறமை இருக்கு, ஹார்டுவேர் இருக்கு, எழுதி முடித்த கோடும் இருக்கு. அதை வெளியிட மட்டும் அனுமதி இல்லை என்றால்? உலகம் முழுக்க ஒரே சாக்கெட்டைச் சொருகச் சொல்றவங்க, அது எப்படி வேலை செய்யுதுன்னு எழுதவாவது விடணும் இல்லையா?

வாங்கும் முன் கவனிங்க!

* லினக்ஸ் பிரியரா? மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கான்னு முதல்ல பாருங்க.
* பெரும்பாலான டி.வி.களில் அது கிடையாது. மாற்றி அடாப்டர் தேடும்போது 4கே 120-க்குத் தாங்குமான்னு விசாரிங்க.
* 60 ஹெர்ட்ஸ் மானிட்டரா? ஹெச்.டி.எம்.ஐ. 2.0 தாராளமா போதும், நிம்மதியா தூங்குங்க!