பேச்சுப் பயிற்சியாளரின் தொடர்கல்வி

நம் பாளையங்கோட்டையில், செவிகேளாச் சிறார்க்கெனப் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய பள்ளி இன்றும் நிலவுகின்றது. அந்நாளில் ஆசிரியர்க்குக் கண்ணும் கையுமே துணை. இன்றோ உட்செவியிற் கருவி பொருத்தப்பெற்ற குழந்தையைக் கேட்கவே பழக்கல் வேண்டும். பாரிசவாயுவால் மொழியிழந்த முதியோர் நிலை வேறு: குழந்தை பெறாததைப் பெறுகின்றது, முதியோர் இழந்ததை மீட்கின்றனர். ஒருமுறை கற்ற கல்வி இவ்விரண்டற்கும் போதுமோ?

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம், பேச்சுப் பயிற்சியாளர் தம் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி வேண்டுமென்று விதித்துளது. விதி நன்றே, ஆயினும் ஆங்கில நூல்களில் ழகரம் இல்லையே! நாநுனி மேனோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ அஃது எழுமென்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலிற் காண்கின்றோம். அதனையும் அவர் கற்றல் வேண்டுமென்போம். பொருநைக்கரைப் பிள்ளை வாழைப்பழத்தை "வாளப்பளம்" எனின், அது நோயன்று, ஊர்வழக்கே.